இடது பக்கத்துக் கருவாடு

மாமா,

இன்று காலை அலுமாரியின் அடித்தட்டைத் துடைத்தபோது உங்களுடைய நீலக்கரைப் பீங்கான் தட்டு கையில் அகப்பட்டது. அடுப்பில் கருவாடு பொரிந்துகொண்டிருந்தது. அந்த வாசத்தோடு தட்டையும் பார்த்ததும் குசினி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் இத்தனை வருடமாகியும் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நீங்கள் கண்டி டவுனில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கலஹா தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். பெண் பார்க்க வந்த அன்று, "தோட்டத்துலதான் பொண்ணு எடுக்கணுமா?" என்று உங்கள் மகனிடம் நீங்கள் கேட்டது உள்ளே இருந்த என் காதில் விழுந்தது. அம்மா கொடுத்த தேத்தண்ணியையும் பாதி குடித்துவிட்டு வைத்தீர்கள். அந்தப் பாதிக் கிளாசை நான் மறக்கவேயில்லை.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் திரும்பியபோது இடது கை தொங்கிப்போயிருந்தது. பேச்சில் பிசகில்லை. கூட வேலை செய்தவர்களின் பெயர்கள், கலஹா பஸ் புறப்படும் நேரம், எல்லாம் ஞாபகத்தில் இருந்தன. மூளை என்பது வீட்டு விளக்கு மாதிரி, எரிந்தால் முழுதாக எரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதனால், தட்டில் பாதிச் சோற்றை விட்டுவிட்டு நீங்கள் எழுந்தபோது எனக்கு அந்தக் கிளாஸ்தான் ஞாபகம் வந்தது. உங்களுக்குப் பிடிக்குமே என்று பொரித்து வைத்த கருவாட்டை நீங்கள் தொடக்கூட இல்லை. முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்துகொண்டு வந்து உட்காருவீர்கள். அதைச் சோம்பல் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு எனக்கும் வீம்பு வந்தது. "பாதிதானே எறங்குது, இனி பாதியே போடுறேன்" என்று உங்கள் மகனிடம் சொல்லிவிட்டுச் சோற்றைக் குறைத்தேன். உங்கள் தட்டில் கருவாடு வைப்பதையும் நிறுத்தினேன். அந்தப் பாதியிலும் பாதியைத்தான் சாப்பிட்டீர்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் கர்வம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த கிளினிக்கில் உங்களை நிறுத்துப் பார்த்த யாழ்ப்பாணத்து டொக்டரம்மா, நீங்கள் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, ஏன் இப்படி மெலிந்துவிட்டார் என்று என்னிடம் கேட்டார். குறை சொல்ல ஆள் கிடைத்த வேகத்தில், "தட்டுல பாதிய ஒதுக்கிடுறாரு டொக்டர்" என்றேன்.

"எந்தப் பாதி?"

யோசித்துப் பார்த்தேன். எப்போதும் இடது பாதி.

கிளினிக் அட்டையின் பின்பக்கம் அவர் ஒரு தலையை வரைந்தார். "பேச்சுக்கு இஞ்ச, இடப்பக்கம். அது நல்லா இருக்கு. அடி விழுந்தது இஞ்ச, வலப்பக்கம் பின்னுக்கு. இடப்பக்கம் என்ன கிடக்குது எண்டு கவனிக்கிறது அந்த இடம்தான். கண்ணில பிழையில்லை. ஆனா அவருக்கு இடப்பக்கம் எண்டு ஒண்டே இல்லை. தட்டைத் திருப்பி வச்சுப் பாருங்கோ."

அன்று பகல் கருவாடு பொரித்து, தட்டின் இடது பக்கம் வைத்தேன். வழக்கம்போல் வலது பாதியைச் சாப்பிட்டு முடித்தீர்கள். தட்டைத் திருப்பினேன். உங்கள் முகம் மலர்ந்தது.

"அட, கருவாடு! தெனம் வாசம் வரும், தட்டுல இருக்காது. பேரப்புள்ளைகளுக்கே பத்தலையாக்கும்னு நான் கேக்கல."

"இன்னைக்குத்தான் மாமா வாங்குனேன்" என்றேன்.

அது பொய். முதல் இரண்டு வாரம் அது உங்கள் தட்டில்தான் இருந்தது. பிறகு நான்தான் வேண்டுமென்றே வைக்கவில்லை. அதன்பின் இரண்டு வருடம் வேளை தவறாமல் உங்கள் தட்டைத் திருப்பி வைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எம் மருமக மாதிரி யாரும் பாக்க மாட்டாங்க" என்று சொன்னீர்கள். ஒவ்வொரு தடவையும் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன்.

இப்போது யார் தட்டில் மிச்சம் வைத்தாலும், எந்தப் பக்கம் என்றுதான் முதலில் பார்க்கிறேன். அம்மாவின் தேத்தண்ணியை ஏன் பாதியில் வைத்தீர்கள் என்று உங்களிடம் ஒருநாளும் கேட்கவில்லை. பசித்திருந்தும் நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. நீங்கள் கேட்காமல் இருந்தது பிள்ளைகளுக்காக. நான் சொல்லாமல் இருந்தது எனக்காக.

தட்டைக் கழுவி, சோறு போட்டு, உங்கள் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். கருவாடு உங்கள் வலது கைப்பக்கம் இருக்கிறது, மாமா.