வால்கோழிக்காகத் தள்ளிப்போன தேதி

அன்புப் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது கொஞ்சம் முணுமுணுக்கிறது, உன் சுகத்தை நீ போனில் எத்தனை தரம் சொன்னாலும் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். மூன்று மாதத்துக்கு முன் பேசியபோது என்னப்பா குரல் இறங்கிக் கிடக்குது என்று கேட்டாய், சளி என்று சொன்னேன். சளி இல்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது.

இருபத்திரண்டு வருடமாக, மழை விட்ட முதல் வாரம், சாலை அலுவலகம் கொடுக்கும் அதே தேதியில், மலைச்சாலையின் இரண்டு பக்கச் சரிவிலும் டிராக்டரால் புல் வெட்டி வருகிறேன், உனக்குத் தெரிந்ததுதான். இந்த வருடம் அந்த நாளில் பள்ளிக்கூட வளைவைத் தாண்டியதும் பின்னால் வெட்டுத்தகடு எதிலோ தட்டிய சத்தம். இறங்கிப் பார்த்தால் இறகு. நாம் வால்கோழி என்கிறோமே, புத்தகத்தில் ஃபெசன்ட் என்று போட்டிருப்பார்களே, அதன் பெட்டை. செம்பு நிற உடம்பும் சிவந்த முகமும் முழ நீள வாலும் சேவலுக்குத்தான், பெட்டை காய்ந்த சருகு மாதிரிதான் இருக்கும், அடைகிடக்கும்போது ஆபத்து வந்தால் ஓடாது, மண்ணோடு மண்ணாக அசையாமல் கிடக்கும். நரியிடம் அது பலிக்கும், என் வண்டியிடம் பலிக்கவில்லை. அடியில் பதினோரு முட்டை, இரண்டு உடைந்துவிட்டது, மிச்சம் ஒன்பதைக் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது பாப்பா. தாய் போய்விட்டது, அதன் சூடு மட்டும் என் உள்ளங்கையில் இருந்தது.

சட்டையைக் கழற்றி முட்டைகளைச் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்து, வெறும் பனியனோடு டிராக்டரை விரட்டிக்கொண்டு மலையடிவாரத்தில் இருக்கும் பறவைக் கணக்கெடுப்பு ஆபீசுக்குப் போனேன். அங்கே இருப்பது உன் வயசுப் பெண் ஒருத்தி, ஒரு மேசை, சுவர் நிறைய வரைபடம். இந்த மலை முழுக்க வால்கோழிப் பெட்டை நாற்பதுதான் மிச்சம் என்று போர்டில் எழுதி வைத்திருந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அவள் முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, உயிர் இருக்குங்க, ஆனா இங்க பொரிக்கிற மெஷின் கிடையாது, சீக்கிரம் ஒரு அடைக்கோழி கெடைக்குமா என்றாள். எனக்கு நம் தெருத் தையல்கார அக்காவின் கோழி ஞாபகம் வந்தது. அது ஒரு வாரமாக வெறும் துணிக்கூடையில் அடைகிடந்து, கிட்டே போனவரை எல்லாம் கொத்திக்கொண்டிருந்தது. அக்காவிடம் கேட்டதும், புண்ணியமாப் போவும், கூடையோட எடுத்துட்டுப் போங்கண்ணே என்று தள்ளிவிட்டாள். உன் அம்மா முதலில், ஊர்க் கோழிக்கெல்லாம் நம்ம வீடுதான் பிரசவ ஆஸ்பத்திரியா என்று சத்தம் போட்டாள், அப்புறம் அவளே துணி துவைக்கும் அறையைக் காலி செய்தாள், அதிர்வு ஆகாது என்று மெஷினை நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு நாள் கையால் துவைத்தாள். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று அக்கா தைரியம் சொன்னாள், மிதித்த மிதியில் முட்டை ஒன்று உடைந்தேவிட்டது, பழமொழியில முட்டையப் பத்திப் பேச்சே இல்லையே என்றாள் அம்மா.

என்னைத் தின்றது வேறொன்று. இருபத்திரண்டு வருடம், அதே தேதி, அதே சரிவு. இதுவரை எத்தனை கூட்டின் மேல் வண்டியை ஏற்றியிருப்பேன், தகட்டின் சத்தத்தில் கவனிக்காமலே போயிருப்பேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பெண்ணிடமே போய் எல்லாத் தேதியும் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை வைத்துவிட்டு, அஞ்சு வருஷமா இந்தச் சரிவுல மட்டும் ஏன் கொறையுதுன்னு மண்டையப் பிச்சிக்கிட்டு இருந்தேங்க, நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது என்றாள். அன்றுதான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

மறுநாளே அலுவலகத்துக்குப் போய், இனி சரிவில் வெட்ட மாட்டேன் என்று சொன்னேன். எஞ்சினியர் மெமோ கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, வளைவுல புல் மறைச்சு ஒரு வண்டி மோதினா யார் பதில் சொல்றது, கோழியா வந்து சொல்லும் என்று கேட்டார். அதற்குள் நானும் அந்தப் பெண்ணும் குச்சியோடு ஒன்பது கிலோமீட்டர் நடந்து மேலும் நான்கு கூடுகளைக் கண்டுபிடித்திருந்தோம். நீங்களே ஒரு தடவை வந்து பாருங்க சார் என்று அவரை ஒன்றின் முன்னால் நிறுத்தினேன். எங்கேய்யா என்றார். உங்க ஷூவுக்கு ரெண்டடி தள்ளி என்றேன். குனிந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார், ஒன்றும் தெரியவில்லை. சருகுக்குள் ஒரு கண் சிமிட்டியது. மனுஷர் திரும்பாமல் பின்பக்கமாகவே நாலடி நடந்து போய்த்தான் மூச்சு விட்டார். ஜீப்பில் ஏறியதும், வளைவுல மட்டும் ஓரமா ரெண்டடி வெட்டு, அதுவும் நடந்து பாத்துட்டு, மத்ததெல்லாம் ஆறு வாரம் கழிச்சு என்றார். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன், முறைத்துவிட்டுக் கொடுத்தார்.

பதின்மூன்றாம் நாள் குஞ்சு பொரித்தது. ஒன்று கூமுட்டை, ஏழு பிழைத்தது. ஈரம் காய்ந்ததும் ஓடுகிறது பாப்பா, ஊட்டிவிட வேண்டாம், தானே கொத்துகிறது. மனுஷன் குரல் பழகினால் காட்டில் பிழைக்காது, பேசவே கூடாது என்று அந்தப் பெண் கட்டளை போட்டாள், உன் அம்மா ஒரே இடத்தில் பேசாமல் நின்றதை நம் வீட்டுச் சரித்திரத்தில் அன்றுதான் பார்த்தேன். பிறகு சரிவிலேயே வலைக்கூண்டு கட்டிக் கோழியோடு மாற்றினோம், எறும்பு முட்டையும் வெட்டுக்கிளியும் பிடித்துப் போட்டே என் இடுப்பு போனது. மழையில் இரண்டு செத்தது. ஒரு நாள் மேலே பருந்து வட்டமிட, அக்காவின் கோழி ஒரு குரல் கொடுத்தது, ஐந்தும் சட்டென்று மண்ணோடு ஒட்டிக்கொண்டன, இருந்த இடம் தெரியவில்லை. அந்தப் பெண் என் கையைப் பிடித்து அழுத்தினாள், இவை பிழைத்துக்கொள்ளும் என்று அர்த்தம்.

போன வாரம் கூண்டைத் திறந்துவிட்டோம். நான்கு ஓடிவிட்டன, ஒரு பெட்டை மட்டும் வாசலில் நின்று யோசித்துவிட்டுப் போனது. வளர்த்த கோழி இரண்டு நாள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, இப்போது அக்காவின் தையல் மெஷினடியில் பழையபடி கொத்திக்கொண்டு திரிகிறது. குறித்து வைத்த நான்கு கூட்டில் மூன்று பொரித்துப் போயிருக்கின்றன, ஒன்றை நரி எடுத்துவிட்டது. போர்டில் அந்தப் பெண் நாற்பதை இன்னும் அழிக்கவில்லை, அடுத்த வருஷம் எண்ணிட்டுத்தான் மாத்துவேன் என்கிறாள், அதுதான் சரி. நேற்று எஞ்சினியர் அடுத்த வருடத்துப் புல்வெட்டும் பட்டியலைத் தட்டெழுத்துக்கு அனுப்புமுன் என்னிடம் நீட்டி, தேதிய நீயே போடுய்யா என்றார். பேனாவை வாங்கி, பழைய தேதிக்கு ஆறு வாரம் தள்ளி எழுதினேன்.

குளிரில் காதை மூடிக்கொள், வேலையில் உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டை மறக்கிறாயாம், மறக்காதே. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நிறைவாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்கிறோம். லீவு கிடைத்து வரும்போது, காரோட்டியிடம் பள்ளிக்கூட வளைவு தாண்டியதும் மெதுவாகப் போகச் சொல், வால்கோழித் தாய்மார் குஞ்சுகளோடு சாலையைக் கடப்பார்கள்.

ஆசிகளுடன்,
உன் அப்பா