எழுதாமல் விட்ட பத்தொன்பது

பிப்ரவரி 3, திங்கள்

விளக்கேற்றிவிட்டுக் கிளம்பி, நாலு வீடு ஏறி இறங்கித் திரும்ப மணி பன்னிரண்டு. உப்பளத்து வெயில் கண்ணுக்குள்ளேயே நிற்குது. முட்டி வலி.

என் நாத்தனார் கீதாஞ்சலி. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஒன்பது வயசு. என் சீர் ரேடியோவைப் பிரித்துப் போட்டாள். இப்போ முப்பத்தாறு. பிறந்த குழந்தையின் நெற்றியில் வைத்தால், ஊசி குத்தாமல், காமாலை எவ்வளவு என்று சொல்லும் மிஷின் செய்திருக்கிறாள். பதினொரு வருஷ உழைப்பு. அதுக்காகச் சென்னை வேலையை விட்டாள். கல்யாணத்தையும்.

நாற்பது குழந்தைக்கு மிஷின் சொல்வதும் ரத்தப் பரிசோதனை சொல்வதும் ஒத்துப்போகணும். அப்போதான் ஆஸ்பத்திரிகள் வாங்கும். வீடு வீடாகப் போய் மிஷின் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுவது நான். எட்டாவதுக்கு மேல் நானே கற்றதுதான். பிள்ளையார் சுழி போட்டு தேதி, நேரம், எண், குளிப்பாட்டியாச்சா, பால் குடிச்சதா — ஒன்றும் விடுவதில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

பதினொரு குழந்தையில் ஆறுக்கு மிஷின் பதினைந்துக்கு மேல், ஆபத்து என்று காட்டுது. ரத்தத்தில் ஒன்றுமில்லை. இப்படியே போனால் மாசக் கடைசியில் நிறுத்திடுவோம் என்று இந்தப் பரிசோதனையை மேற்பார்க்கும் சென்னை டாக்டர் சொல்லிட்டாராம். மிஷினைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சோறு அப்படியே இருக்கு.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் முகத்துக்கு மஞ்சள் பூசும்போது என் உள்ளங்கையைப் பார்த்தேன். ஓடிப்போய் நோட்டை எடுத்தேன். தப்பான ஆறும் குளிப்பாட்டின பிறகு பார்த்த குழந்தைகள்!

"கீதா, இங்க குழந்தைக்குப் பயத்தமாவோட மஞ்சளும் தேய்ச்சுதானே குளிப்பாட்டுவாங்க? உன் மிஷின் அதையும் சேர்த்து எண்ணுதோ?"

என் கையிலிருந்த நோட்டை வாங்கிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள், அழுதாள். "சென்னை ஆஸ்பத்திரியில மஞ்சள் பூசின குழந்தையை நான் பார்த்ததே இல்ல அண்ணி."

அம்மா, தாயே.

பிப்ரவரி 17, திங்கள்

குழந்தைக்கு ஒரு வாரம் மஞ்சள் வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லி வருகிறேன். உப்பளத்தில் வேலை செய்யும் பாவாடையின் பெண்டாட்டி யுவராணிக்கு முந்தாநாள் பிரசவம். மாமியார் செல்லம்மாள் என்னை வாசலிலேயே நிறுத்தினாள். "மிஷினுக்காக மஞ்சளை விடணுமா? உன் நாத்தனா கழுத்துல ஒரு தாலி ஏறியிருந்தா மஞ்சளோட அருமை தெரிஞ்சிருக்கும்!"

அடுத்த வீட்டுக்கு நடந்தேன். கீதாவிடம் இதைச் சொல்லலை.

பிப்ரவரி 20, வியாழன்

கீதா சென்னை போயிருக்கிறாள். ரத்தம் எடுக்கும் நர்ஸ் லீவு. யுவராணி குழந்தைக்கு மிஷின் பத்தொன்பது காட்டியது. செல்லம்மாள் மஞ்சளை விட்டிருக்கவே மாட்டாள். தப்பு எண்ணை எழுதினால் கீதாவின் கணக்குதான் கெடும். "நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிட்டு வந்துட்டேன். அந்தக் கட்டம் காலி.

பிப்ரவரி 21, வெள்ளி

காலையில் போனேன். குழந்தை பால் குடிக்கலை. துணி மாதிரி கிடக்கு.

"நேத்து குளிப்பாட்டினப்போ மஞ்சள்..."

"மஞ்சளா அக்கா? நாங்க பூசவே இல்லையே," என்றாள் யுவராணி. "அத்தைக்கு வாய்தான். அன்னிக்கு நீங்க சொல்லிட்டுப் போனதும் மஞ்சள் டப்பாவை எடுத்து மேல வெச்சுட்டாங்க."

செல்லம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி. ரத்தத்தில் இருபத்தொன்று. காமாலை இறங்க நீல விளக்குக்கு அடியில் போட்டிருக்காங்க. மிஷின் உண்மையைச் சொல்லிச்சு. நான்தான் — ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன? ஏன் கேக்கலை? வாயில என்ன இருந்துச்சு எனக்கு?

வெள்ளிக்கிழமை. விளக்கு ஏத்தலை.

பிப்ரவரி 22, சனி

கீதாவிடம் எல்லாம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

"பத்தொன்பதுன்னு எழுதுங்க அண்ணி. நேரத்தையும் எழுதுங்க. நீங்க எழுதாம விட்டதையும் எழுதுங்க. அப்படியே அனுப்பறேன்."

"நிறுத்திட்டாங்கன்னா?"

"நிறுத்தட்டும்."

எழுதினேன். எழுத்து கோணிப்போச்சு.

பிப்ரவரி 24, திங்கள்

சென்னையிலிருந்து தகவல் இல்லை. குழந்தை கண் திறந்து பால் குடித்ததாம்.

மார்ச் 4, செவ்வாய்

சென்னையிலிருந்து தகவல். நிறுத்தலை, ஆனால் இதுவரை எழுதினது செல்லாதாம். முதலிலிருந்து நாற்பது குழந்தை. நோட்டில் ஒரு கட்டம் கூட்டச் சொல்லியிருக்காங்க. கீதா அதுக்கே சந்தோஷப்படுகிறாள். எனக்கு அலுப்பாக இருக்கு. மறுபடி அத்தனை வீடு.

மார்ச் 12, புதன்

யுவராணி வீட்டில் செல்லம்மாளே குழந்தையை நீட்டினாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றே பார்த்தேன்.

நேரம் பத்தரை. மிஷினில் நாலு. பால் குடித்தது. மஞ்சள் பூசியதா? — கேட்டேன். இல்லை.