‘சிறு ஒழுங்குபடுத்தல்’ என்று நீ தலைப்பிட்ட இரண்டு வரிகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் போடுகிறேன், அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடி. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் இதை எழுதும்போதும் என் நினைப்பு. பதினோரு நாளாக நீ போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் இதைப் போனில் சொல்லியிருக்க மாட்டேன், பாதியில் நீ வைத்துவிடலாம் அல்லது நான் உடைந்துவிடலாம், இரண்டுமே இப்போது ஆகாது. அதனால்தான் காகிதம். கூரியரில் திங்கட்கிழமை உன் கையில் இருக்கும் என்றார்கள். உட்கார்ந்து முழுக்கப் படி.

முதலில் சித்தப்பா. தாடை இரண்டு இடத்தில் முறிந்து கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள், வாய் திறக்க முடியாது, குழாய் வழியாகப் பாலும் மருந்தும் போகிறது. வலது கையில் நான்கு விரல் எலும்புகள் நொறுங்கியிருக்கின்றன, எலக்ட்ரீஷியன் வேலைக்கு அந்தக் கை இனி உதவுமா என்று கேட்டால் டாக்டர் சீட்டைப் பார்த்துக்கொண்டு பேச்சை மாற்றுகிறார். கட்டிலோடு காலில் விலங்கு போட்டிருக்கிறார்கள். அலட்சியத்தால் ஓர் உயிர் போகக் காரணமானார் என்று அவர்மேல்தான் வழக்கு, வியாழக்கிழமை காலை ஜாமீன் விசாரணை. காவலுக்கு இருக்கும் போலீஸ்காரர் நல்ல மனிதர், சித்தி வந்தால் விலங்கின்மேல் போர்வையை இழுத்துவிடுகிறார்.

இரண்டரை வாரம் முன்பு, விபத்து நடந்த அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை உன்னிடம் போனில் சொன்னபோது எனக்குப் பாதிதான் தெரியும். இப்போது பத்திரிகைக்காரியாக முழுக்க விசாரித்துவிட்டேன். சித்தப்பா வேலை பார்க்கும் தொழிற்சாலையில், டின் மூடி அடிக்கும் மூன்றாவது பிரஸ் மெஷினில் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த ஆள் நின்றிருந்தார். காலை பத்து இருபதுக்குத் தகடு ஒன்று உள்ளே சிக்கிக்கொண்டது. அவர் இரண்டு கையையும் உள்ளே விட்டு இழுத்தார். முன்னால் ஒளிக்கற்றைகள் குறுக்கே ஓடும் ஒளித்திரையில் கை பட்டால் மெஷின் இறங்கக் கூடாது, அதற்காகத்தான் அந்தத் திரை. இறங்கியது. எண்பது டன். இரண்டு கைகளும் மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே போய்விட்டன. முதலில் ஓடியது சித்தப்பா. ஒரு கையைத் தன் பெல்ட்டாலும் இன்னொன்றைத் தோளில் தொங்கிய ஒயராலும் இறுக்கிக் கட்டி, சரக்கு வேனில் மடியில் போட்டுக்கொண்டு போனார். நெட்டை வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாராம், “கையை எடுத்துட்டு வந்தீங்களா, யாராவது எடுத்தாங்களா” என்று. ஆஸ்பத்திரி வாசலில் பேச்சு நின்றது.

சித்தப்பா அதே சட்டையோடு தொழிற்சாலைக்குத் திரும்பினார், மெஷினின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும் என்று. அதற்குள் மேனேஜர் எல்லோரிடமும், “எலக்ட்ரீஷியன் லைட் திரையைக் கட்டிவிட்டுட்டார் போல” என்று சொல்லிவிட்டிருந்தார். ‘போல’ என்றுதான் சொன்னேன் என்று என்னிடம் மூன்று தடவை அழுத்திச் சொன்னார், குறித்துக்கொண்டேன். வேலை வேகமாக ஓடத் திரையின் ஒயரை முறுக்கி அதை வேலை செய்யாமல் கட்டிவிடுவது சில இடங்களில் நடக்கிறதுதான். சித்தப்பா ஒருநாளும் செய்ததில்லை. நெட்டையின் தம்பிகள் இருவரும் வாசலிலேயே பிடித்தார்கள். சட்டையில் அண்ணன் ரத்தம். அவர்களுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மெஷினை ஓட்டும் பழைய கன்ட்ரோல் பெட்டிக்கு அங்கே மாப்பிள்ளை என்று பெயர், காலையில் அது கண் திறக்கும்வரை எல்லோரும் கைகட்டி நிற்க வேண்டும், நினைத்தால் முறைத்துக்கொண்டு படுத்துவிடும். போன வருடம் நீயும் உன் கூட்டாளிகளும் எழுதுகிற இயங்குதள மென்பொருளோடு புதுப் பெட்டி வந்தது. சுவிட்சைப் போட்ட இரண்டாவது நொடி வேலைக்கு நின்றது என்பதால் அதற்கு மருமகள் என்று பெயர் வைத்தார்கள். சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. “எங்க வீட்டுப் பொண்ணு எழுதினது, ரஸ்ட்டுன்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி, அதுல தப்பே பண்ண முடியாது, பண்ணப் போனாலே அது விடாது” என்று டீ குடிக்கிற இடத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது எல்லோருக்கும் நினைவிருந்தது. பெரிய தம்பி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “பொட்டி தப்பு பண்ணாதுன்னு நீதானே சொன்ன? அப்ப யார் பண்ணினது, சொல்லுய்யா” என்று கேட்டான். பெட்டியைச் சந்தேகப்பட்டுச் சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடி ஒரு நிமிடமாவது நின்றிருக்கும். பார்த்த நான்கு பேரைத் தனித்தனியாகக் கேட்டேன், நால்வரும் அவர் வாயே திறக்கவில்லை என்றார்கள். மெஷினின் டை அச்சை மாற்றுகிற இரும்புக் கம்பியால் முகத்தில் இரண்டு அடி. பிறகு மேசைமேல் அவர் வலது கையை விரித்துவைத்து, “எங்கண்ணனுக்குக் கை இல்ல, உனக்கு எதுக்குடா” என்று சின்னவன் சுத்தியலால் அடித்தான். நான்கு தடவை. நாற்பது பேர் நின்றார்கள். மாலையில் வீட்டுக்கு வந்து ஜன்னல்களை உடைத்து சித்தப்பாவின் ஸ்கூட்டரைக் கொளுத்தினார்கள், சித்தி குளியலறைக்குள் வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். கல்லெறிந்தவர்களில் ஒருவர் போன மாதம் அவள் கையால் காபி குடித்துவிட்டுப் போனவர். நான் அந்தத் தம்பிகளைப் போய்ப் பார்த்தேன், லாக்கப்பில்தான். சின்னவன் என் முகத்தைப் பார்க்காமல், “அண்ணன் பொண்டாட்டிகிட்ட உடம்ப எப்படிக் காட்டறதுன்னு தெரியல, அதான் அடிச்சேன்” என்றான்.

பத்தாம் நாள் தொழிலகப் பாதுகாப்பு அதிகாரி பெட்டியின் பதிவை எனக்குக் காட்டினார். திரைக்குத் தனியாக ஒரு பதிவு இருக்கிறது, அதில் பத்து இருபதுக்கு ஒளி வெட்டுப்பட்டது என்று இருக்கிறது. பெட்டியின் பதிவில் அதே கணத்தில் ‘தடையில்லை’ என்று இருக்கிறது. திரை உயிரோடுதான் இருந்திருக்கிறது, யாரும் கட்டிவிடவில்லை. “சென்சார் கத்தியிருக்கும்மா, பெட்டி காதுல விழல” என்றார். மெஷினை நேரே நிறுத்தத் திரையிலிருந்து இரண்டாவதாக ஓர் ஒயர் போயிருக்க வேண்டும், பெட்டியை நம்பியிருக்கவே கூடாது, முதலாளி அதைப் போடவே இல்லை என்றும் சொன்னார். அதுவும் செய்தியில் வரும். முழுப் பாரத்தையும் நீ தூக்கிக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். உன் பங்கை இறக்கிவைக்கவும் வழியில்லை.

உங்கள் இயங்குதளத்தைப் பற்றி முன்பு ஞாயிறு இதழில் எழுதியபோது நீதான் எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தாய். பதினொரு நாட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல் எழுதுகிறீர்கள், ஒரே ஒரு சர்க்யூட் பலகையில் திக்கித் திணறி எழுந்த பிள்ளை இன்று பழைய மெஷின்களில்கூட ஓடுகிறது, நூறு வரியில் தொண்ணூற்றெட்டை மொழியே காவல் காக்கிறது, நினைவகத்தின் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் இரண்டு பேர் தொட விடாது என்றாய். மீதி இரண்டு வரி நேரடியாக மெஷினோடு பேசுவது, அங்கே மொழியின் காவல் கிடையாது, அதற்கு அன்சேஃப் என்று பெயர், அந்த வரிக்கு மேலே ஏன் இது ஆபத்தில்லை என்று எழுதுகிறவர் ஒரு குறிப்பு எழுதியே ஆக வேண்டும், இன்னொருவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம் என்றாய். எனக்கு அந்த வழக்கம் பிடித்துப்போய் இரண்டு பத்தி எழுதினேன். “எல்லாமே திறந்து கிடக்கும்மா, ஒவ்வொரு வரிக்கும் எழுதினவங்க பேர் இருக்கும், ஒளிக்க ஒண்ணுமில்ல” என்று நீ சொன்னதையும் போட்டேன்.

அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் போனேன். கன்ட்ரோல் பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஒரு பெண் இரண்டு மத்தியானம் என்னோடு உட்கார்ந்தாள். ஒளித்திரையின் சேதியைப் படிக்கும் இடத்தில் ஓர் அன்சேஃப். மேலே குறிப்பு: இந்த இடத்துக்கு வருமுன் சென்சார் எழுதுவது நிறுத்தப்பட்டிருக்கும், ஆகவே இருவர் தொட வாய்ப்பில்லை. எழுதப்பட்ட நாளில் அது உண்மை. ஐந்து மாதம் முன்பு வேகத்துக்காக அந்த நிறுத்தும் வரியை ஒருவர் ஒன்பது வரி கீழே தள்ளிவைத்திருக்கிறார். குறிப்பு அப்படியே நின்றது. சரிபார்த்தவர் குறிப்பைப் படித்துத் திருப்தியாகிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மொழி எல்லாவற்றையும் சோதிக்கும், மனிதர் எழுதிவைத்த வாக்குறுதியை மட்டும் படிக்காது. அதனால் பல லட்சம் தடவை மெஷின் அடித்தால் ஒருமுறை பெட்டி பழைய சேதியைப் படித்துவிடுகிறது. வரியை நகர்த்தியவர் பெயரைப் பார்த்தேன். பிறகு அந்தப் பெண் இன்னொன்றைக் காட்டினாள். விபத்து நடந்து ஆறாம் நாள், திங்கட்கிழமை, அதே பெயர் நிறுத்தும் வரி, படிக்கும் வரி என்ற அந்த இரண்டு வரிகளை இடம் மாற்றிச் சரிசெய்திருக்கிறது. அதற்கு வைத்த தலைப்பு ‘சிறு ஒழுங்குபடுத்தல்’. “தெரிஞ்சுதான் பண்ணியிருக்காங்க மேடம், ஆனா சொல்லாம பண்ணியிருக்காங்க. இப்படித் தலைப்பு வெச்சா எந்தத் தொழிற்சாலையும் இதை அவசரமா ஏத்திக்க மாட்டாங்களே” என்றாள். திரும்பி, “உங்களுக்குத் தெரிஞ்சவங்களா” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பெட்டி செய்கிறவர்களிடம் கேட்டேன். நாற்பத்துமூன்று தொழிற்சாலைகளில் அந்தப் பழைய பதிப்புதான் இன்றும் ஓடுகிறது. உன் திருத்தத்துக்கு அடுத்த திங்கட்கிழமை வேறோர் இடத்தில் ஒரு பெண்ணுக்கு மூன்று விரல்கள் போயின. அதுவும் இதனால்தானா என்று எனக்குத் தெரியாது, பதிவை இன்னும் பார்க்கவில்லை, தெரியாததை உன்மேல் போட மாட்டேன். ஆனால் அந்தச் சேதி வந்தபோது நான் முதலில் நினைத்தது உன் தலைப்பைத்தான்.

நான் ஒன்றும் கறை படாத கை இல்லை. நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு பஸ் கவிழ்ந்து ஒன்பது பேர் செத்தார்கள். டிரைவர் குடித்திருந்தார் என்று போலீஸ் தந்த தாளில் இருந்ததை நான் விசாரிக்காமல் அப்படியே பத்திரிகையில் இறக்கினேன், பெயரோடு, தெருவோடு. ஊர் திரண்டுபோய் அவரை வீட்டு வாசலில் வைத்து உதைத்தது, ஒரு கண் போனது. மூன்றாம் நாள் ரத்தத்தில் மது இல்லை என்று தெரிந்தது. நாங்கள் ஏழாம் பக்கத்தில் இரண்டு வரி ‘திருத்தம்’ போட்டோம். எவர் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து நானேதான் வைத்தேன். உன் தலைப்பைப் பார்த்ததும் எழுத்து யாருடையது என்று அடையாளம் தெரிந்துவிட்டது கண்ணு, என்னுடையதுதான்.

இந்தச் செய்தியை நான் எழுதப்போவதில்லை. நேற்று ஆசிரியரிடம் எல்லாக் காகிதத்தையும் கொடுத்துவிட்டு, அந்தப் பெயர் என் மகளுடையது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார், “இது வீட்டு விஷயமா, செய்தியா” என்றார். செய்தி என்றேன். என் மேசைக்கு எதிர் மேசைக்காரி, நச்சு என்று நாங்கள் கேலி செய்கிறவள், அதை எழுத எடுத்துக்கொண்டாள். புதன்கிழமை மத்தியானம் உன்னைக் கூப்பிடுவாள். அவளிடம், “என் பொண்ணுன்னு பாவம் பாக்காதே” என்றேன். “பாத்தா நீங்களே என்னைக் கொன்னுடுவீங்கக்கா” என்றாள். ஆக உனக்கு இரண்டு நாள் இருக்கிறது. அவள் கண்டுபிடித்துச் சொல்லுமுன் நீயே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அந்தத் தலைப்புக்குக் கீழே உன் பெயரில் எழுது, எது உடைந்திருந்தது, யார் உடைத்தது, ஒருவர் இதில் செத்தார், உடனே மெஷினை நிறுத்துங்கள் என்று. வியாழக்கிழமைக்குள் கோர்ட்டுக்குக் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் அனுப்பு, சித்தப்பாவின் கால் விலங்கைக் கழற்றிவிட அதுதான் சாவி. ஒரு வக்கீலையும் பார், ஆனால் அவருக்காகக் காத்திருக்காதே. உன்னைக் கன்னாபின்னா என்று பேசுவார்கள், வேலை போகலாம், அந்தத் தம்பிகளுக்கும் உன் பெயர் தெரியவரும். எல்லாம் யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். அப்பாவிடம் சொன்னபோது சித்தி வீட்டு ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார். தம்பியா மகளா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் அடித்துக்கொண்டே இருந்தார், ஒரு பலகைக்குப் பதினாறு ஆணி.

இன்று காலை சித்தப்பாவிடமும் சொன்னேன். ஒளித்துவைக்க எனக்குத் தெம்பில்லை. கண்ணை மூடிக் கேட்டார், போலீஸ்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினார். எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் இடது கையால் ஒவ்வோர் எழுத்தாக வெகுநேரம் எழுதினார். உன்னைப் பற்றி ஏதோ எழுதுகிறார் என்று நினைத்தேன். “மத்த மெஷின்களை நிறுத்தச் சொல்லுங்க அண்ணி” என்று இருந்தது, அவ்வளவுதான். பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டார். அந்த உறையைக் கிழித்து இத்தோடு வைத்திருக்கிறேன், எழுத்து கோணல்மாணலாக இருக்கும், நிதானமாகப் படி.

நீ எதைச் செய்தவளானாலும் என் வயிற்றில் பிறந்தவள், அதில் மாற்றமில்லை. உனக்கு நிமிர்ந்து நிற்கும் முதுகும் நல்ல தூக்கமும் திரும்ப வரட்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். மறக்காதே, புதன்கிழமை மத்தியானம் போன் வரும். எடு.

உன்
அம்மா