இடப்பக்க நட்டு

யார் கையில் இது கிடைத்தாலும், தயவுசெய்து இத்தோடு மூடிவிடுங்கள். அப்பாவிடம் காட்டாதீர்கள். அம்மாவிடம் கண்டிப்பாகக் காட்டாதீர்கள். எடுத்தது ஸ்டெல்லா டீச்சராக இருந்தால், டீச்சர், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அடுத்த பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். பட்டறை வாசலில் ரோட்டில் பாதிக்கு நெல் காய்கிறது. மீதிப் பாதிதான் வண்டிகளுக்கு.

ஆரோக்கியம் சார் வண்டி இன்று முடிந்தது. எங்கள் கணக்கு டீச்சர் ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர். துபாயிலிருந்து வந்து வாங்கிய பழைய பெரிய பைக். நேர் ரோட்டில் ஒன்றுமில்லை, வளைவில் பின்பக்கம் தனியாக ஆடும். தஞ்சாவூரில் இரண்டு இடத்தில் டயரை மாற்றச் சொல்லி, மாற்றியும் ஆடியது.

அப்பா இரண்டே நாளில் கண்டுபிடித்தார். இந்த வண்டியில் என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. மவுண்ட் ரப்பர் எல்லாம் வெடித்திருந்தது. என்ஜினையும் சட்டத்தையும் பிடித்து வைக்கும் மூன்று லிங்க்கும் தேய்ந்திருந்தன. லிங்க் என்றால் ஒரு சாண் நீளக் கம்பி, இரண்டு முனையிலும் குண்டு மூட்டு.

சாருக்குப் புரியவில்லை. அப்பா சொன்னார்: "சைக்கிள் கேரியர்ல நெல்லு மூட்டை வச்சு கயிறைத் தளர்வா கட்டிப் பாருங்க சார். திரும்பையில மூட்டை ஒரு பக்கம் போவும், சைக்கிள் ஒரு பக்கம் போவும். என்ஜினு மேல கீழ ஆடிக்கலாம். சைடுல ஆடக் கூடாது. அந்தக் கயிறுதான் லிங்க்கு."

புது மவுண்ட், புது லிங்க் எல்லாம் போட்டாயிற்று. கீழ் லிங்க்குக்கு அப்பாவின் கை போகாது, என் கைதான் போகும். அதனால் அது என் வேலை. அதில் பூட்டு நட்டு இரண்டு. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.

எங்கள் பட்டறை வழக்கம்: நட்டை முறுக்கி, இறுக்கம் போதும் என்று ஸ்பேனர் 'டிக்' சத்தம் போட்டதும், நட்டையும் கம்பியையும் சேர்த்து ஒரு மஞ்சள் பெயின்ட் பொட்டு. பொட்டு வைத்த நட்டை யாரும் மறுபடி தொட மாட்டார்கள். நட்டு நகர்ந்தால் பொட்டு இரண்டாக விலகிக் காட்டிக் கொடுக்கும்.

மூன்று மணிக்கு வயலில் அறுப்பு மிஷின் நின்றுவிட்டது என்று ஆள் வந்தது. அப்பா போய்விட்டார். "ரெண்டு நட்டையும் முறுக்கிப் பொட்டு வச்சுடு பாப்பா."

பெயின்ட் மூடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதனால் முதலில் இரண்டுக்கும் பொட்டு வைத்தேன். பிறகு வலப்பக்கம் முறுக்கினேன். டிக். அப்போது அம்மா போனில் என் வகுப்பு ஃபர்ஹானா கூப்பிட்டாள். நாளைக்கு பயாலஜி ரெக்கார்டு வைக்க வேண்டுமாம். நான்கு படம் பாக்கி. ஒரு படம் மட்டும் வரைந்துவிட்டு வரலாம் என்று உள்ளே போனேன்.

வெளியே வந்தபோது அப்பா திரும்பி வந்து, குனிந்து பொட்டுகளைப் பார்த்து, வண்டியைத் துடைத்து முடித்திருந்தார். சார் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் ஆச்சா பாப்பா?"

"ஆச்சுப்பா."

இடப்பக்கம் கையால் திருகியது மட்டும். டிக் இல்லை.

பிப்ரவரி 9, திங்கள்

ரெக்கார்டு இன்று வேண்டாமாம். புதன்கிழமைதானாம். ஃபர்ஹானாவை அறைய வேண்டும் போல் இருந்தது. அவள் என்ன செய்வாள்.

காலையில் சார் டீச்சரை இறக்கிவிட வந்தார். என்னைப் பார்த்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "யம்மா, ஆத்தங்கரை வளைவுல சாய்ச்சேன், சொன்ன இடத்துல போய் நிக்குது. வேற வண்டியாயிடுச்சு!" டீச்சர் சிரித்தார். "இவ்வளவு நாளும் கண்ணை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணிக்கிட்டே வருவேன். இன்னைக்கு கண்ணைத் திறந்து வயலைப் பார்த்துக்கிட்டு வந்தேன்."

நன்றாகத்தானே போகிறது. மூன்று லிங்க்கில் ஒன்று. அதில் ஒரு முனை. ஒன்றும் ஆகாது.

கணக்கு வகுப்பில் டீச்சர் போர்டில் எழுதும்போது அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணக்கும் ஏறவில்லை.

சாப்பாடு: ரசம், அப்பளம். மூன்று வாய்.

பிப்ரவரி 11, புதன்

அப்பா டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அம்மா வந்து சொன்னாள். "உம்மவ கைபட்ட வண்டி உசுரோட பேசுதாமேன்னு கடைக்காரர் கேக்குறாரு." என்னைப் பட்டறைக்கு அனுப்பக் கூடாது என்று ஒரு வருடம் சண்டை போட்டவள். இன்று தன் பழைய நைட்டியைக் கிழித்து, கை துடைக்கத் துணியாக மடித்து வைத்திருக்கிறாள். எனக்கென்று தனியாக.

அதைத் தொடவில்லை.

மாலை நெல் கொள்முதல் நிலையம் வழியாக வந்தேன். குமார் அண்ணன் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தது. எங்கள் பட்டறையில் ஆறு வருடம் இருந்தது. பொங்கலுக்கு முன்னால் ஒரு வண்டியில் ஆயில் போல்ட்டை முறுக்காமல் பொட்டு வைத்துவிட்டது. ஆயில் ஒழுகியது, அவ்வளவுதான். அப்பா அன்றே அனுப்பிவிட்டார். "முறுக்காம பொட்டு வைக்கிறவன் எனக்கு வேணாம். அது பொய்க் கையெழுத்து." அப்போது நான் அப்பாவுக்குப் பின்னால் நின்று, ஆமாம் என்பதுபோல் தலையாட்டினேன். அண்ணன் அதைப் பார்த்தது.

இன்று தலைத் துண்டை அவிழ்த்து உதறிவிட்டுக் கூப்பிட்டது. "என்ன மெக்கானிக்கம்மா, மூஞ்சி செத்துக் கெடக்கு? உங்கப்பா உன்னையும் தொரத்திட்டாரா?"

சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. அண்ணன் முதுகெல்லாம் உமி ஒட்டியிருந்தது.

ஆயில்தான் ஒழுகியது. ஆள் யாரும் விழவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

சொல்ல மூன்று முறை போனேன்.
1. காலை. அப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.
2. மாலை. கடையில் ஆள்.
3. சாப்பிடும்போது. அப்பாவே பேச ஆரம்பித்துவிட்டார். பிளஸ் டூ முடித்ததும் தஞ்சாவூரில் ஆட்டோமொபைல் படிக்க வைக்கிறாராம். "நாளைக்கு நான் இல்லன்னாலும் பொட்டு வைக்க ஆள் இருக்கு."

எழுந்து கை கழுவிவிட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

வேகமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் அதனால்தான்.

காலை எட்டே முக்கால், ஸ்கூல் கேட். சார் வண்டியை நிறுத்தி, காலால் முன் டயரை உதைத்துப் பார்த்தார். "ரெண்டு நாளா லேசா ஆடுற மாதிரி இருக்கு ஸ்டெல்லா. காத்து கம்மியா இருக்கும்."

வேண்டுமென்றே பேனாவைக் கீழே போட்டேன். குனிந்து, வண்டிக்கடியில் பார்த்தேன்.

வலப்பக்கப் பொட்டு முழுசாக இருந்தது.

இடப்பக்கம் இரண்டாக இருந்தது. பாதி கம்பியில், பாதி நட்டில். நடுவே ஒரு நெல் அகலம்.

நிமிர்ந்தேன். "சார்," என்றேன். சார் "என்னம்மா?" என்றார். அதற்குள் டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு நாங்க வேளாங்கண்ணி போறோம்டி. இவர் நல்லபடியா ஊர் திரும்பினா ரெண்டு பேருமா வர்றோம்னு நேர்ச்சை. பஸ்ல போகலாம்னுதான் இருந்தேன். இப்பதான் வண்டி சரியாயிடுச்சே. விடிகாலை அஞ்சு மணிக்கு கிளம்புறோம். உனக்கு என்ன வாங்கிட்டு வர?"

"ஒண்ணும் வேணாம் டீச்சர்."

பெல் அடித்தது. சார் போய்விட்டார். நான் சொன்னது அவ்வளவுதான். ஒண்ணும் வேணாம்.

வேளாங்கண்ணி போகும் திருத்துறைப்பூண்டி ரோடு முழுக்க இப்போது நெல் காய்கிறது. ஐந்து மணிக்கு இருட்டு. நெல்லைச் சுற்றிக் கல் வைத்திருப்பார்கள். சார் கடைசி நேரத்தில் பார்த்து ஹேண்டிலை ஒடிப்பார். என்ஜின் ஒரு பக்கம் போகும், வண்டி ஒரு பக்கம் போகும். டீச்சர் ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பார். கண்ணைத் திறந்துகொண்டு.

சொன்னால்: அப்பா பட்டறையில் என்னை விடமாட்டார். அம்மா துணியைத் திருப்பி எடுத்துக்கொள்வாள். டீக்கடையில் அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார். குமார் அண்ணனுக்குத் தெரிந்துவிடும்.

சொல்லாவிட்டால் என்ன என்று எழுத முடியவில்லை.

பத்து மணிக்கு அப்பா படுத்த பிறகு, சார்ஜில் இருந்த அவர் போனை எடுத்து ஆரோக்கியம் சார் நம்பரைப் போட்டேன். இரண்டு ரிங். "ஹலோ, சொல்லுங்கண்ணே," என்றார். கட் செய்துவிட்டேன். போனை அங்கேயே வைத்துவிட்டு வந்து கதவைத் தாழ் போட்டேன்.

சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதிப் பார்க்கிறேன். அப்பா, கீழ் லிங்க்கு இடப்பக்க நட்டை நான் முறுக்கவில்லை. பொட்டு மட்டும் வைத்தேன். ஆச்சு என்று பொய் சொன்னேன். பதினான்கு வார்த்தைதான். ஐந்து நாளாக வராத

போன் அடிக்கிறது. அப்பாவுடையது.

அப்பா பேசுகிறார். "நான் கூப்புடலியே சார்... இல்லீங்க, தூங்கிக்கிட்டுல்ல இருந்தேன்... ரெண்டு ரிங்கா?... இருங்க."

நடந்து வருகிறார்.

கதவைத் தட்டுகிறார்.

"பாப்பா. ஆரோக்கியம் சாருக்கு நீ போன் பண்ணுனியா? லைன்ல இருக்காரு."

வாய் திறந்தால் அழுகைதான் வரும், எனக்குத் தெரியும். இந்த நோட்டை ஒளித்து வைக்கப் போவதில்லை. எட்டாம் தேதிப் பக்கத்தைத் திறந்து அப்படியே அப்பா கையில்