அம்மா நூல் கட்டிய கதிர்கள்

சுங்குவார்சத்திரம்
22-2-1981

அன்பு மகள் மரகதத்துக்கு அப்பா எழுதுவது. நீ படிக்கப் போயிருக்கிற அந்த வெளிநாட்டுப் பனியில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, உன் அம்மா போய் இன்றோடு இருபத்தெட்டு நாள். தந்தி உனக்குக் கிடைப்பதற்கு முன்பே நீ அவளுக்குப் போட்ட கடிதம் போன வாரம்தான் வந்து சேர்ந்தது. முனியம்மாள் என்று போஸ்ட்மேன் அவள் பெயரைக் கூப்பிட்டதும் பழக்கத்தில் உள்ளே திரும்பிப் பார்த்தேன்.

கதிரெல்லாம் பத்திரமா என்று அதில் கேட்டிருந்தாய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், திட்டினால் திட்டிக்கொள். உன் ஆராய்ச்சிக்காக நீ சொன்னபடி அவள் தினமும் வயலில் இறங்கி, அன்றன்று பூத்த கதிருக்கு நாளுக்கொரு நிறமாக நூல் கட்டினாள். காய்ச்சலோடும் போனாள். இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று கத்தினேன். நெல்லுக்குள் இருக்கிற கரு, கதிரில் இருக்கும்போதே முளைக்கிற நாளுக்கான சேதியை எழுதி வைத்துக்கொள்கிறதாம், காய்ந்தாலும் அது அழியாதாம், தண்ணீர் பட்டதும் முதலில் அதைத்தான் படிக்குமாம். எத்தினியாம் நாள்ல எழுதுதுன்னு நம்ம பொண்ணு பாக்கப் போவுதுய்யா என்று சிரித்தாள். நூலுக்கு நூல் நாளை எண்ணி அறுத்துக் காயவைத்துப் பரணிலும் கட்டி வைத்தாள்.

அவளை எடுத்த மறுநாள் அந்த நூல்கள் கண்ணில் பட்டன, தாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாப்பம்மாளிடம், இத்த மொதல்ல எட்துகினு போ, என் கண்ல படக்கூடாது என்று கத்திவிட்டேன். அவள் பாவம், காரியத்துக்கு அரிசி வேண்டுமே என்று கதிரை அடித்து, மற்ற நெல்லோடு சேர்த்து அவித்துவிட்டாள். பதினாறாம் நாள் சாப்பாட்டில் நானும் அதைத் தின்றேன். உன் கடிதம் வந்த பிறகுதான் செய்த பாவம் உறைத்தது. மிச்சமிருந்த அவித்த நெல்லில் ஒரு பிடியை ஈரச் சாக்கில் வைத்து ஐந்து நாள் பார்த்தேன். வெந்தது முளைக்குமா, ஆசை யாரை விட்டது. மறுபடி நட்டு நானே நூல் கட்டலாமென்றால் வயலை வாங்கிய கம்பெனிக்காரர்கள் அதில் எல்லைக் கல் நட்டுவிட்டார்கள். வைக்கோலில் தேடியதில் ஏழு நூல்தான் கிடைத்தது. வைக்கோல் தாளோடு வெட்டி இந்த உறையில் வைத்திருக்கிறேன், அவள் போட்ட முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை. என்னை மன்னித்துவிடு தாயே.

வேளைக்குச் சாப்பிடு. காதை மூடிக்கொண்டு வெளியே போ. என் மேல் கோபம் இருந்தாலும் படிப்பை விட்டுவிடாதே, நீ நன்றாக இருப்பாய், அவள் கூடவே இருப்பாள். ஒன்று மறக்காதே, பதில் போடும்போது உறையில் அம்மா பெயரையே எழுது. போஸ்ட்மேன் வாசலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிடட்டும், நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.

உன் அப்பா
கோதண்டம்