எடை பார்த்துப் பிரித்த நானூற்று இருபது தோட்டாக்கள்

அனுப்புநர்:
சி. கோகிலவாணி (வயது 34),
க/பெ. சின்னராஜ்,
மேற்குத் தெரு,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தருமபுரி.

பொருள்: தேர்தல் வாகனத் தணிக்கையில் எடுத்து வைக்கப்பட்ட எனது .22 விளையாட்டுத் தோட்டாக்களை மாநிலப் போட்டிக்கு முன் திரும்ப வழங்கவும், அறிக்கையிலுள்ள சந்தேகக் குறிப்பை நீக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தனியார் பட்டு நூற்பு நிலையம் ஒன்றில் கூடு தரம் பிரிக்கும் வேலை செய்கிறேன். ஐந்து ஆண்டுகளாக ஐம்பது மீட்டர் ரைபிள், படுத்துச் சுடும் பிரிவில் போட்டியிடுகிறேன். உரிய உரிமம் பெற்றே தோட்டா வாங்குகிறேன்.

2. சென்ற ஆண்டு மாநிலப் போட்டியில் ஒரே ஒரு புள்ளியில் தேசியப் போட்டிக்கான தகுதியை இழந்தேன். அறுபது குண்டுகளில் ஒன்று மட்டும் ஏழாம் வளையத்தில் விழுந்தது. வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. நானேதான் என்னைத் திட்டிக்கொண்டேன். மூன்று மாதம் நான் பயிற்சி பெறும் ரைபிள் கிளப் பக்கமே போகவில்லை. கிளப் செயலர் திரு. மாதவராஜ் என்னை அழைத்து, ரைபிளை மேசையில் இறுக்கிப் பூட்டி, போட்டியில் நான் பயன்படுத்தி மீதமிருந்த அதே தோட்டாக்களில் முப்பதைச் சுட்டுக் காட்டினார். யார் கையும் அசைக்காத துப்பாக்கியிலிருந்தே மூன்று குண்டுகள் விலகி விழுந்தன. “உங்க கை மேல தப்பு இல்லைங்கம்மா. தோட்டா மேலதான்” என்றார். அன்று நான் அழுதுவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

3. இவ்வகைத் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடி விளிம்புக்குள் இருக்கிறது. விளிம்பின் தடிமனோ மொத்த எடையோ சிறிது மாறினாலும் குண்டு ஏறியோ இறங்கியோ விழக்கூடும். எனவே மூன்று வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளை வாங்கிச் சுட்டுப் பார்த்து, குண்டுகள் நெருக்கமாக விழுந்த தொகுதியை மட்டும் தேர்ந்தெடுத்தேன். பட்டுக்கூட்டைக் காதருகே குலுக்கியே உள்ளிருக்கும் புழுவின் நிலையைச் சொல்லிவிடுவேன்; தோட்டாவுக்கு அந்தக் கை போதவில்லை. நகைத் தராசில் ஒவ்வொன்றாக எடை பார்த்து, விளிம்பை அளந்து, இருபத்து நான்கு நாள் மாலைவேளைகளில் 420 தோட்டாக்களை ஒத்தவை ஒன்றாகச் சேரும்படி பிரித்து, அ, ஆ, இ, ஈ, உ என்று எழுதிய ஐந்து டப்பாக்களில் அடுக்கினேன்.

4. கடந்த 02.04.2024 அன்று அவற்றுடன் என் கணவரின் வண்டியில் கிளப்புக்குச் சென்றபோது, தணிக்கைக் குழுவினர் நிறுத்தினர். உரிமம், ரசீது, கிளப் கடிதம் மூன்றையும் காட்டினேன். குழு அலுவலர், “எல்லாம் ஒரே குண்டுதானுங்க, அப்புறம் எதுக்கு அஞ்சு டப்பா? இது என்ன அ, ஆன்னு?” என்று கேட்டார். நான் விளக்குவதற்குள், எண்ணிக்கையைச் சரிபார்க்க ஐந்து டப்பாக்களும் ஒரு செய்தித்தாளின் மேல் கொட்டப்பட்டுவிட்டன. எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் போட்டு முத்திரையிட்டார்கள். “சந்தேகத்திற்குரிய குறியீடுகள்” என்று அறிக்கையில் எழுதப்பட்டதைப் பிறகே அறிந்தேன். அவை தமிழின் முதல் ஐந்து எழுத்துகள், ஐயா.

5. யார் மீதும் நடவடிக்கை கோரி இதை எழுதவில்லை. அன்று தோட்டாக்களைக் கொட்டி எண்ணிய தலைமைக் காவலர் திருமதி முனியம்மாள் அவர்களே, விசாரணைக்காகக் கடந்த மாதம் கிளப்புக்கு வந்தார். கிளப் இருப்பிலிருந்த ஐம்பது தோட்டாக்களை அவரிடமே கொடுத்தோம். அவர் ஒவ்வொன்றையும் எடை பார்த்து, விளிம்பை அளந்து, ஒத்துப்போகும் பத்தைப் பிரித்தார். முதலில் பிரிக்காத பத்தையும், பிறகு அவர் பிரித்த பத்தையும் பூட்டிய ரைபிளில் சுட்டோம். முதல் தாளில் பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்த்தார். நான்கு துளைகள் வெளியே நின்றன. இரண்டாவது தாளில் நாணயம் பத்துத் துளைகளையும் மூடிவிட்டது. நாணயத்தை எடுத்துக்கொண்டு, “அன்னிக்கே இதைச் சொல்லியிருந்தா தனித்தனியா எண்ணியிருப்பேனுங்க. நான் கொட்டினதை நானே எழுதித் தரேன்” என்றார். அவ்வாறே எழுதியும் தந்தார். அவருடைய விளக்கம், இரண்டு இலக்குத் தாள்களுடன் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

6. தேர்தல் நடத்தை விதிகள் முடிந்துவிட்டன. ஆனால் அந்தக் குறிப்பு நீங்கும்வரை தங்கள் உத்தரவின்றித் தோட்டாக்களைத் தர இயலாது என்று காவல் நிலையத்தில் கூறுகிறார்கள். மாநிலப் போட்டி வரும் 29ஆம் தேதி. மீண்டும் பிரிக்க, வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டால், எனக்கு எட்டு நாள் போதும். திருமதி முனியம்மாள் தம் விடுப்பு நாளில் உடனிருந்து உதவுவதாகக் கூறியுள்ளார். தராசு தமக்குப் பழகிவிட்டதாம்.

ஆகவே, தோட்டாக்களை இவ்வார இறுதிக்குள் என்னிடம் ஒப்படைக்கவும், அறிக்கையிலுள்ள சந்தேகக் குறிப்பை நீக்கவும், இனிமேல் விளையாட்டு வீரர்களின் தோட்டாக்களை அவரவர் டப்பாவில் வைத்தே எண்ணும்படி அறிவுறுத்தவும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வெற்றி பெறுவேன் என்று உறுதி கூற எனக்குத் தகுதியில்லை. இம்முறை ஒரு குண்டு விலகினால் அது என்னுடைய பிழையாக மட்டும் இருக்க வேண்டும். அதற்கான வாய்ப்பைத்தான் கேட்கிறேன். தாங்கள் தருவீர்கள் என்ற நம்பிக்கையில், நாளை முதலே விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இடம்: தருமபுரி
நாள்: 10.06.2024

தங்கள் உண்மையுள்ள,
சி. கோகிலவாணி

இணைப்பு: உரிம நகல், தோட்டா ரசீது, தணிக்கைக் குழுவின் ஒப்புகைச் சீட்டு, தலைமைக் காவலரின் விளக்கம், இலக்குத் தாள்கள் – 2.