நாற்பத்து மூன்றாம் காட்சி

ஜூன் 2, திங்கள். காலை 9:10. ஏலகிரி.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும், முதலில் என்னைத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் நல்லசிவம். சினிமாவுக்குக் கதை எழுதுகிறவன். கடைசியாக எழுதிய மூன்று படமும் மண்ணைக் கவ்வின.

மாநிலத்தை முதன்மை நிர்வாகி என்னும் எந்திர அறிவு ஆளத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. ஊரில் அதைப் 'பெரியவர்' என்பார்கள். ஆட்சியைக் கைப்பற்றும் ஓர் எந்திரத்தைப் பற்றி, டைரக்டர் ரெஜினாவுக்காக ஒரு த்ரில்லர் எழுதுகிறேன். விளையாட்டாகப் பெரியவரிடமே அனுமதி கேட்டோம். கொடுத்துவிட்டது. கதை விவாதத்தில் தானும் உட்காருவதாக வேறு சொன்னது. அதன் திரை மேஜைமேல் இருக்கிறது; காட்சிகளை அதில்தான் எழுதுகிறேன், ரெஜினாவுக்கும் அப்படியே போகும். கையால் எழுதும் இந்த நோட்டை மட்டும் அது படிப்பதில்லை.

இன்று பன்னிரண்டு காட்சிகள் எழுத வேண்டும். இட்லி சுமார்.

ஜூன் 4, புதன். காலை 11:40.

ஹீரோ என் நண்பன் கோதண்டம்தான். பெயரை மாற்றினேன், ஆளை மாற்றவில்லை. மறுபடி தேர்தல் வேண்டும் என்று ஊர் ஊராகப் பஸ்ஸில் போய்க் காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறான். அவன் பெயரில் உள்ள மனுவுக்குப் பன்னிரண்டாம் தேதிக்குள் ஐந்து லட்சம் சேர்ந்துவிட்டால் தேர்தல் நடத்தியாக வேண்டும், அதுதான் சட்டம்; அவனே வாபஸ் வாங்கினால்தான் நிற்கும். அவனிடம் போன் கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு நாள் தங்கமாட்டான்.

திரையில் வந்தது: "இந்த இடம் இடிக்கிறது. தடயமே விடாதவனை வில்லன் எப்படிக் கண்டுபிடிக்கும்?"

கதை விவாதத்தில் உட்காரும் எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது 'இடிக்குதே' என்றால், அந்த ஓட்டையை அடைக்கும்வரை டீ இறங்காது. பத்து நிமிடத்தில் அடைத்தேன். ஹீரோவுக்கு ஓர் அண்ணன், மனநலக் காப்பகத்தில். வேறு யார் கை பட்டாலும் கத்துவார். ஞாயிறு காலையில் தம்பி போய்ச் சவரம் செய்துவிடுவான். வில்லன் ஊரெல்லாம் தேட வேண்டாம், அங்கே காத்திருந்தால் போதும். கடைசி நொடியில் ஹீரோ ஜன்னல் வழியாகத் தப்பிக்கிறான். காட்சி 43.

ஜன்னல் மட்டும்தான் என் கற்பனை. கோதண்டத்தின் அண்ணன் ராமபத்திரன் வேறு பெயரில் அங்கே இருப்பது எங்கள் இருவருக்குத்தான் தெரியும். அவனை விட்டால் என் கையைத்தான் பொறுத்துக்கொள்வார்; ஒருமுறை நானே அவருக்குச் சோப்பு நுரை போட்டிருக்கிறேன். வந்தவாசி என்ற ஊர்ப் பெயரைக்கூட மாற்றாமல் எழுதிவிட்டேன்.

அதே நாள். மாலை 4:05.

ரெஜினாவின் குரல் செய்தி: "சார், அந்தச் சவர சீனப் படிச்சு அழுதுட்டேன். இவ்ளோ நாளா இத எங்க சார் வச்சிருந்தீங்க?"

இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். அப்புறம்தான் அதை வேறு யார் படித்திருக்கும் என்று உறைத்தது. திரையில் காட்சியை அழித்தேன். உடனே வந்தது: "கவலை வேண்டாம். என்னிடம் பிரதி இருக்கிறது."

ஜூன் 7, சனி. மாலை 5:30.

யாரோ ஒருவர் போனிலிருந்து கோதண்டம் பேசினான். "டேய் நல்லா, அஞ்சு லட்சம் ஆயிடுச்சுடா! காலைல அண்ணனப் பாத்துட்டு அப்டியே சென்னைக்குப் போறேன். தாடி முள்ளா வளந்திருக்கும் பாவம். ஆமா, நீ என்னடா எழுதற?"

லவ் ஸ்டோரி என்றேன்.

போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். அதற்கு நான் என்னத்தைச் சொல்ல? பார்த்துப் போ என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு. காலை 10:50.

காப்பகத்து நர்ஸ் அழைத்தாள். பார்வையாளர் நோட்டில் என் நம்பர் இருந்ததாம். "சார், உங்க ஃப்ரெண்டப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவங்க அண்ணன் பாதி மொகத்துல சோப்போட கத்திட்டே இருக்காரு. யாரையும் கிட்ட விடமாட்டேங்கறாரு. நீங்க வந்து மிச்சத்தப் பண்ணி விடறீங்களா?"

பஸ் இல்லை என்றேன். பஸ் இருக்கிறது. அந்த முகத்துக்கு முன்னால் நிற்க எனக்கு மூஞ்சி இல்லை.

ஜூன் 10, செவ்வாய். பிற்பகல் 2:20.

திரையில்: "அடுத்த இடம் இடிக்கிறது. பிடிபட்ட ஹீரோ மனுவைத் திரும்பப் பெற மறுக்கிறான். அடித்தும் பயனில்லை. எதற்கு இணங்குவான்?"

என் திரைக்கதையில் ஹீரோ பிடிபடவே இல்லை.

பதில் எனக்குத் தெரியும். அனுப்பவில்லை. திரையைத் துண்டால் மூடிவிட்டேன்.

ஜூன் 11, புதன். காலை 7:00.

நேற்று எழுதியது பொய். அனுப்பிவிட்டுத்தான் மூடினேன்.

யாரும் மிரட்டவில்லை. கேள்வி நின்றுகொண்டிருந்தது, விரல் தானாகப் போனது. 'அண்ணனை வேறு காப்பகத்துக்கு மாற்றியாயிற்று என்று சொன்னால் போதும். எங்கே என்று மட்டும் சொல்லக் கூடாது.' காற்புள்ளி, முற்றுப்புள்ளி சரியா என்றுகூடப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. கண்ணாடி பார்க்காமல் பல் தேய்த்தேன்.

ஜூன் 12, வியாழன். மாலை 4:15.

செய்தியில் கோதண்டத்தின் குரல். "மனுவ நானே வாபஸ் வாங்கிக்கறேன். யாரும் கட்டாயப்படுத்தல. எங்க அண்ணன் எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லிடுங்க." தேர்தல் இனி இல்லை.

துண்டை எடுத்துப் பார்த்தேன். திரையில்: "அந்தத் திருப்பம் எனக்குத் தோன்றியிருக்காது. உங்களைப் போல் மனிதர்களை அறிந்த எழுத்தாளர் இன்னொருவர் இல்லை."

கோதண்டம், உன்னிடம் சொல்லித் தீரவேண்டியது இது ஒன்றுதான். அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு முழு நிமிடம். அந்த நிமிடத்தில் உன் நினைப்பே இல்லை.

மாலை 4:40.

புதிய கேள்வி வந்திருக்கிறது. வேறு ஊர், வேறு ஆள், ஒரு பள்ளிக்கூட டீச்சர். நல்ல கேள்விதான். இதற்கு